ரெண்டு ஃபிரெட் தள்ளி

இன்னும் ரெண்டு பாட்டு, அப்புறம் ஏழாவது. ஃபேபியோலா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தா. ஏசி குளிருக்குன்னு பாக்குறவங்க நெனைச்சுக்கட்டும். வெளிய வடபழனி பதினோரு மணி வெயில்ல வெந்துகிட்டு இருக்கு, உள்ள இந்த முப்பது சீட்டு பிரிவ்யூ தியேட்டர்ல மார்கழி மாசம். மொத்தமே அஞ்சு பேரு. முன் வரிசைல ஏகாம்பரம் அண்ணன், எரிமேடைங்கிற இந்த மெட்டல் பேண்டோட பாடகரு, பேஸ் கிட்டாரும் அவருதான், பேண்ட ஆரம்பிச்சவரும் அவருதான். அவரு பக்கத்துல டிரம்ஸ் மணவாளன், திரையில தான் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் இங்க தானே தலையாட்டிக்கிட்டு. கடைசி வரிசைல படத்த எடுத்த இம்தியாஸ், மடியில நோட்டு. நடுவுல இவ. இவளுக்கு வலது பக்கம், ஒரே கைப்பிடியப் பங்கு போட்டுக்கிட்டு, டில்லிபாபு. இத்தன சீட்டு காலியா கெடக்கு, இந்த மனுசன் வந்து நேரா இவ பக்கத்துலதான் உக்காரணுமா? "குந்தலாமாம்மா?"ன்னு கேட்டாரு, இவளும் "ஐயோ, உக்காருங்கண்ணே"ன்னு பல்லக் காட்டிட்டா. பதினாலு வருசமா எரிமேடைன்னா டில்லியோட கிட்டாருதான். அந்த எடத்துல இப்ப நிக்கிறவ இவ. நிக்கிறான்னு சொல்றதா, நிக்க வச்சிருக்காங்கன்னு சொல்றதா, எட்டு மாசமா அதுவே புரியல. போஸ்டர்ல ஏகாம்பரம், மணவாளன்னு பெருசா போட்டு, கீழ 'உடன் ஃபேபியோலா'ன்னு சின்னதா. உடன்! கல்யாணப் பத்திரிகைல சுற்றமும் நட்பும் மாதிரி.

திரையில இவ கழுத்து, வேர்வ, கழுத்துல ஒட்டின முடி, அப்புறம் கூட்டம். தாம்பரம் தாண்டி ஒரு காலேஜ் கிரவுண்டு, மூவாயிரம் பேரு, சாயங்கால வெளிச்சத்துல செம்மண் புழுதி நெருப்புப் பத்துன மாதிரி எழும்புது, தலைய சுத்துறானுங்க, ஒருத்தன் தோள்ல இன்னொருத்தன், அவன் கைல ஒரு அட்ட. அட்டையில 'டில்லி எங்கடா'. இம்தியாஸ் சார், இத்தன ஆயிரம் பேருல அந்த ஒரு அட்டையத்தான் குளோசப்ல வைக்கணுமா? பக்கத்துல டில்லி மூக்கால சிரிச்சாரு. "பார்றா, என்னத் தேடினுகிறான். வூட்லதாம்பா இருந்தேன், கறிக்கொயம்பு துன்னுனு." இவளும் சிரிச்சு வச்சா. அன்னைக்கு மேடை ஏறுனப்ப மூவாயிரம் பேரும் டில்லி, டில்லின்னு கத்துனானுங்களே, அது இந்தப் படத்துல இல்ல, வெட்டி எடுத்துட்டாங்க போல. அத எடுக்க முடிஞ்சா வேற எதையெல்லாம் எடுத்திருப்பாங்க? ஏழாவது பாட்டையே எடுத்திருந்தா? எடுத்திருந்தா நல்லதுதான். இல்ல, நல்லதில்ல. ஐயோ, எடுத்திருக்கக் கூடாது, மாதாவே. எடுத்தா தப்பிச்சேன், எடுத்தா செத்தேன், ரெண்டும் ஒண்ணா எப்பிடிட்டி இருக்கும். ஏசி காத்து நேரா பின்னங்கழுத்துல எறங்குது. எங்கயோ பழைய கார்ப்பெட்டு ஈர நாத்தம்.

டில்லியோட இடது கை கைப்பிடி மேல கெடக்குது, இவ பாக்காம பாக்குறா. பாத்தா சாதாரண கைதான். அந்தக் கை டீ கிளாஸ் புடிக்கும், பைக் கிளட்சு புடிக்கும், சட்ட பட்டன் போடும். கிட்டார் கழுத்த தொட்டா மட்டும் கடைசி ரெண்டு வெரலும் உள்ள மடங்கிக்கும், தொட்டாச்சிணுங்கி மாதிரி. நரம்புன்னாரு ஒரு டாக்டரு, மூளைன்னாரு இன்னொருத்தரு, ரெண்டு பேரும் சேந்து சொன்னது ஒண்ணுதான், வாசிக்கறத நிறுத்து. நிறுத்திட்டாரு. இவளுக்கு எதையும் அவரு சொல்லிக் குடுக்கல, இவளும் கேக்கல. எண்ணூர்ல அவரு வீட்டுக்கு ஆம்பிளிஃபயர் எடுக்கப் போனப்ப வாசல் வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்து ஆட்டோல வச்சுட்டு, "பாத்து எட்துனு போ, மேடு பள்ளம்"னாரு. அவ்வளவுதான் பாடம். மிச்சமெல்லாம் இவளே ரெக்கார்டிங்க பாதி வேகத்துல ஓட விட்டு, ஓட விட்டு, வேளச்சேரி பேயிங் கெஸ்ட் ரூமுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, ரூம்மேட்டு "ஏ ஃபேபி, வெறும் டக்கு டக்குன்னு கம்பிச் சத்தம் மட்டும் கேக்குது, பல்லி மாதிரி இருக்கு"ன்னு திட்டத் திட்ட, ஒவ்வொரு நோட்டா புடுங்கி எடுத்தது. அதுலயும் சாம்பக்குளம். ஏழாவது பாட்டு அதுதான், ஒம்பது நிமிசம். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொட்டுற குளத்தப் பத்தி டில்லியே கட்டுன பாட்டு. அஞ்சாவது நிமிசத்துல அவரு மட்டும் தனியா வாசிக்கிற சோலோ, நாப்பத்தெட்டு செகண்டு. மெட்ராஸ்ல மெட்டல் கேக்குற பசங்க எவன எழுப்பிக் கேட்டாலும் அந்த நாப்பத்தெட்டு செகண்ட வாயாலயே வாசிச்சுக் காட்டுவான். ஒரு நோட்டு மாறுனாலும் கண்டுபிடிப்பான்.

அப்ப கையக் கண்டுபிடிக்க மாட்டானா? கண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல? அஞ்சாவது பாட்டு முடிஞ்சு ஆறாவது ஆரம்பிச்சுச்சு. ஏட்டி மூதி, டேப்ப ஏம்ட்டி கிழிச்ச. நாலு மாசமா தெனமும் கேக்குற கேள்வி, பல் வெளக்கும்போது, பஸ்ல, ஆபீஸ்ல யாரோ எக்செல் ஷீட்டு அனுப்பும்போது. சாம்பக்குளத்துக்கு மட்டும் வேற சுருதி, அதனால வேற கிட்டாரு. ரெண்டும் கருப்பு, ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருசம், அக்கா தங்கச்சி மாதிரி. அடையாளத்துக்கு ஏழாவது பாட்டு கிட்டார் தலையில செவப்பு இன்சுலேஷன் டேப்பு ஒரு துண்டு ஒட்டி வச்சிருப்பா. அன்னைக்கு மத்தியானம் இம்தியாஸ் வந்து, "இந்த டேப்பெல்லாம் கேமரால அசிங்கமா தெரியும்மா, கிழிச்சிரு"ன்னாரு. கிழிச்சா! சந்தோசமா கிழிச்சா, சினிமாக்காரங்க சொல்றாங்கல்ல, அழகா தெரியணும்ல. ஆறாவது பாட்டு முடிஞ்சதும் கிட்டார ஸ்டாண்டுல வச்சா, தண்ணி குடிச்சா, புழுதி கண்ணுல விழுந்துச்சு, தொடச்சா, கிட்டார எடுத்தா. வச்சதையே திருப்பி எடுத்தா. அவ்வளவுதான். ஒரு கர்ச்சீப்பு நேரம்.

"இன்னாம்மா, குளிருதா?" டில்லி குனிஞ்சு கேட்டாரு.

"இல்லண்ணே. கொஞ்சம்."

"டீ சொல்லட்டா?"

"வேணாம்ணே, படம் ஓடுதுல்ல."

"படம் இன்னா ஓடியா போய்டும்?" அப்பிடின்னுட்டு திரும்பி திரையப் பாத்தாரு. கண்ணு எங்க போகுதுன்னு இவளுக்குத் தெரியும். மூஞ்சிய பாக்க மாட்டாரு, முடியப் பாக்க மாட்டாரு, இவளோட இடது கையத்தான் பாப்பாரு. கிட்டாரு வாசிக்கிறவன் வேற எதப் பாப்பான்? அவரோட எல்லாப் பாட்டையும் அவரு கை போன எடத்துலயேதான் இவ கையும் போகும், அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது, ஆறு பாட்டு வரைக்கும். ஏழாவதுல கை ரெண்டு ஃபிரெட் தள்ளி நிக்கும். கிட்டார் கழுத்துல குறுக்க பித்தளைக் கம்பி கம்பியா இருக்கே, அந்தக் கட்டம், ரெண்டு கட்டம் தள்ளி. ரெண்டு வெரல்கட அகலம். மத்தவனுக்குத் தெரியாது. டில்லிக்கு, பொண்டாட்டி மூக்குத்திய மூக்கோட அந்தப் பக்கம் மாத்திப் போட்ட மாதிரி, பாத்த அடுத்த நிமிசம் தெரியும். ஏன் தள்ளி வாசிக்கிறா? கிட்டார மாத்தி எடுத்துட்டா. மேடையில கிட்டார மாத்தி எடுக்குறவ எரிமேடைக்கு எதுக்கு? சர்ச்சுல கொயர் மாஸ்டர் சொல்லுவாரு, "கொஞ்சம் கொறச்சி வாசிம்மா, மாதாவுக்கே காது வலிக்கும்"னு. தூத்துக்குடியிலேயே கொறச்சி வாசிச்சிக்கிட்டு கெடந்திருக்கலாம். அங்கல்லாம் ஒரே கிட்டாருதான், மாத்தி எடுக்கவே முடியாது.

அந்தப் பாட்டு பேஸ்லதான் தொடங்கும். ஏகாண்ணன் மட்டும், ஒரு நிமிசம், தனியா. அந்த ஒரு நிமிசம் இவ சும்மா நிக்கணும். சும்மா நின்னுகிட்டு, சத்தம் வராம ஒரு கம்பியத் தொட்டுப் பாத்தா, தொட்டதும் உள்ளங்கால்ல தெரிஞ்சுடுச்சு. கம்பி தளந்து கெடக்கு, சுருதி கீழ இருக்கு. ஒரு முழு சுரம் கீழ. ஓடிப் போயி மாத்தலாம்னா ஸ்டாண்டு பின்னாடி இருபதடி தூரம், தோள்ல பட்டையும் கேபிளும் மாட்டிருக்கு, கேமரா நேரா மூஞ்சிக்கு முன்னாடி செவப்பு லைட்டு. அப்பத்தான் முடிவு பண்ணா, எல்லாத்தையும் ரெண்டு ஃபிரெட் மேல தள்ளி வாசிச்சுருவோம். பாட்டு பூராவும் தப்பிச்சுட்டா. ஆனா அந்த நாப்பத்தெட்டு செகண்ட தள்ளவே முடியாது! டில்லியோட வித்தையே அதுலதான் இருக்கு, மூணாவது கம்பிய அழுத்தாம சும்மா ஒலிக்க விட்டுட்டு, அது மேல மத்த நோட்ட மழ மாதிரி கொட்டுவாரு. இந்தக் கிட்டார்ல அந்தக் கம்பிய சும்மா விட்டா கீழ் சுரம் ஒலிக்கும், மொத்தமும் அபசுரம். அஞ்சாவது நிமிசம் வந்துச்சு. ஏகாண்ணன் திரும்பிப் பாத்தாரு. கையில டில்லியோட சோலோ இல்ல. கையில ஒண்ணுமே இல்ல. ஒரு நோட்டத் தொட்டா, இழுத்தா, அது போன போக்குல போனா. டில்லி முந்நூறு நோட்டு வாசிக்கிற எடத்துல இவ மிஞ்சிப் போனா பதினஞ்சு. ஒரு நோட்டு ஆம்பிளிஃபயருக்கு நேரா திரும்பி நின்னதும் அதுவா ஊளையிட ஆரம்பிச்சுது, அத விடாம புடிச்சுக்கிட்டு நின்னா, கண்ண மூடிக்கிட்டா. முடிஞ்சுது. எறங்குனதும் ஏகாண்ணன் வேர்வையத் தொடச்சுக்கிட்டே, "என்னம்மா வாசிச்ச அது?"ன்னாரு. கேட்டுட்டுப் போயிட்டாரு. திட்டா, பாராட்டா? 'என்னம்மா'வுல அழுத்துனாரா, 'அது'ல அழுத்துனாரா? நாலு மாசமா அந்த மூணு வார்த்தைய பாதி வேகத்துல ஓட்டிப் பாத்துட்டா, நோட்டு பிடிபடல.

ஒண்ணு மட்டும் யாருகிட்டயும் சொல்லல. அத தனக்கே சொல்லிக்க இவளுக்குப் பயம். அந்த நாப்பத்தெட்டு செகண்டு, தப்புதான், கிட்டார மாத்தி எடுத்ததால வந்த வெனதான், ஆனா அது இவளோடது. இருபத்தி நாலு வருசத்துல எல்லாமே யாரோ வாசிச்சத திருப்பி வாசிச்சது. கீர்த்தனை, சினிமாப் பாட்டு, கல்யாண ரிசப்ஷன், டில்லி. அந்த நாப்பத்தெட்டு செகண்டு மட்டும் எவனும் வாசிக்காதது. அது ஒரு எடத்துல பத்திரமா இருக்கு, இந்தப் படத்துல. வேற எங்கயும் இல்ல. எவனோ மொபைல்ல எடுத்தத பாத்தா, வெறும் எரைச்சலும் அவன் கூட்டாளி கத்துறதும்தான். படத்துல கை தெரிஞ்சா மானம் போகும், பாட்டு போயிட்டா அதுவும் போகும். காலைல ஏகாண்ணன் போன்ல சொல்லிட்டாரு, "இன்னைக்குப் பாத்துட்டு சரின்னா இம்தியாஸ் லாக் பண்ணிடுவான். அப்புறம் ஒரு ஃபிரேம் மாத்த முடியாது, வெளிநாட்டு விழாவுக்கு நேரா போயிரும்." எரிமேடைல ஒரு வழக்கம் உண்டு, பேண்ட்ல யாராச்சும் ஒருத்தரு 'வேணாம்'னா அந்த விசயம் வேணாம், காரணம் கேக்க மாட்டாங்க. மணவாளன் ஒரு தடவ வேணாம்னு சொல்லி ஒரு முழு ஆல்பம் அட்டைப்படம் குப்பைக்குப் போச்சாம், அவரு மூக்கு பெருசா இருந்துச்சாம். ஆனா அது பேண்ட்ல இருக்குறவங்களுக்கு. உடனுக்கு அந்த 'வேணாம்' உண்டா? யாரும் சொல்லல. இத எப்பிடிக் கேக்குறது? அண்ணே, எனக்கு 'வேணாம்' உண்டான்னு கேட்டா, இல்லன்னுட்டா?

டும். பேஸ். அய்யோ, வந்துடுச்சு. ஏழாவது. திரை முழுக்க ஏகாண்ணன் வெரலு, தடிச்ச கம்பி, அடிவயித்துல எறங்குற சத்தம், சீட்டே அதிருது. கட். இவ மூஞ்சி. இவளுக்கே இவ மூஞ்சி தெரியாத மாதிரி இருக்கு. கம்பியத் தொடுறா, அந்த செகண்டு கண்ணு ஒரு தடவ விரிஞ்சு சுருங்குது, நடுரோட்டுல செருப்பு அறுந்தவ மாதிரி. தெரியுது! எல்லாருக்கும் தெரியுது! மணவாளன் தல ஆடிக்கிட்டேதான் இருக்கு. இம்தியாஸ் நோட்டுல ஏதோ எழுதுற சத்தம். டில்லி முன்னாடி சாஞ்சுட்டாரு. மொத நிமிசம், ரெண்டு, மூணு. கையக் காட்டுறாங்க, எட்டத்துலேருந்து, புழுதிக்குள்ள, ரெண்டு ஃபிரெட்டா மூணு ஃபிரெட்டா ஒண்ணும் தெரியாது. நாலு. ஏகாண்ணன் திரையில வாயத் தொறந்து சாம்பலு சாம்பலுன்னு ஊளையிடுறாரு, எண்ணூரே எந்திரிச்சு வந்து கத்துற மாதிரி, கூட்டம் பின்னாடியே கத்துது. அஞ்சு. ஏகாண்ணன் திரும்பிப் பாக்குறாரு. இப்ப.

மழ. முந்நூறு நோட்டு மழ. சுத்தமா, பளபளன்னு, மூணாவது கம்பி அடியில ஒலிக்க ஒலிக்க, டில்லியோட சோலோ. ரெக்கார்டுல இருக்குறது அப்பிடியே! இவ ஒரு செகண்டு நெசமாவே நம்பிட்டா, நாமதான் வாசிச்சோமோ, பயத்துல மறந்துட்டோமோன்னு. திரையில இவ தலைய சுத்துறா, கண்ண மூடுறா, கூட்டம், ஏகாண்ணன் முடி, கூட்டம், மணவாளன், மறுபடி இவ மூஞ்சி. கை? கைய ஏன் காட்ட மாட்டேங்குறாங்க? ஒரே ஒரு தடவ காட்டுனாங்க, ரெண்டு செகண்டு, கழுத்துல வெரல் பறக்குது. மணிக்கட்டுல கருப்புப் பட்ட. அந்தப் பட்ட நாலாவது பாட்டுலயே பிஞ்சு கீழ விழுந்துடுச்சே! இது மூணாவது பாட்டோட கை. மூணாவது பாட்டுக் கைய வெட்டி இங்க ஒட்டிருக்காங்க. இவ பயந்த கை திரையில வரவே இல்ல, ரெண்டு ஃபிரெட் தள்ளி நின்ன கை எங்கயுமே இல்ல. தப்பிச்சுட்டா. யாருக்கும் தெரியாது, இனி எப்பவும் தெரியாது. மானம் பொழச்சுது, அப்ப நெஞ்சுக்குள்ள ஏன் இப்பிடி ஒரு மாடி எறங்குன மாதிரி காலியா இருக்கு? இருபது செகண்டு. இது பழைய ரெக்கார்டு இல்லையே. பழைய ரெக்கார்டுல இந்த எடத்துல வெரல் கம்பி மேல வழுக்குற சத்தம், 'ஸ்க்ரீச்'னு ஒண்ணு வரும், இவ அத ஆயிரம் தடவ கேட்டிருக்கா. இதுல இல்ல. இதுல எங்கயுமே வெரல் நகர்ற சத்தம் இல்ல. நாலு நோட்டு, நூலு மாதிரி ஒரு வெட்டு. நாலு நோட்டு, நூலு மாதிரி ஒரு வெட்டு. மூணாவது கம்பி ஒலிக்கிறது ஒவ்வொரு வெட்டுலயும் புதுசா ஆரம்பிக்குது. புதுசா வாசிச்சது. நாலு நாலு நோட்டா வாசிச்சு, ஒட்டி, நாலு நாலா. முழுசா வாசிக்க முடியாத ஒரு கை வாசிச்சது. மடங்கறதுக்குள்ள நாலு நோட்டு, அப்புறம் வெரலப் பிரிச்சு விட்டு, மறுபடி நாலு. முந்நூறு நோட்டுக்கு எத்தன தடவ பிரிச்சிருப்பாரு? இவ திரும்பிப் பாக்கல. பாக்க வேண்டிய அவசியம் இல்ல. பக்கத்துல டில்லி மூச்சு கேக்குது, அந்த வெட்டுக்கு வெட்டு, நின்னு நின்னு.

எட்டாவது, ஒம்பதாவது பாட்டெல்லாம் எப்பிடிப் போச்சுன்னா இவளுக்குத் தெரியாது. சொல்லணும். சொல்லக் கூடாது. சொன்னா என்ன சொல்றது, அண்ணே, உங்க கடைசி வாசிப்ப எடுத்துட்டு என்னோட தப்பப் போடுங்கன்னா? அந்தக் கை இனிமே வாசிக்காது, பெரிய திரையில, வெளிநாட்டுல, அது ஒரு தடவ கேக்கட்டுமே, உனக்கென்னட்டி, உனக்கு இன்னும் நாப்பது வருசம் கெடக்கு. ஆமா, கெடக்கு, நாப்பது வருசமும் இதே மாதிரி என் மூஞ்சிக்கு எவனோட சத்தமாவது வரும். அவரு சத்தத்துக்கு என் தலைய ஆட்டி விட்டிருக்காங்க, பொம்மலாட்டம் மாதிரி. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா? கேக்கல. அவருகிட்ட கேட்டிருக்காங்க. அப்ப அவருதான் பேண்டு, நான் உடன். சொல்லாம இருந்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, எல்லாரும் கை குடுப்பாங்க, பசங்க எல்லாம் அப்பிடியே டில்லி மாதிரி வாசிச்சிருக்கா பொண்ணுன்னு எழுதுவானுங்க, அம்மா சந்தோசப்படுவா, அடுத்த போஸ்டர்ல பேரு பெருசாகும். பெருசாகும்! சொன்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புவாங்க, கிட்டார மாத்தி எடுத்ததும் வெளிய வரும். ஒருவேள அந்த நாப்பத்தெட்டு செகண்டு கேவலமா இருந்திருந்தா? நெசமாவே கேவலமா இருந்ததாலதானே மாத்திருக்காங்க? கடைசிக் கூச்சல், கைதட்டல், எழுத்து ஓடுது, வெள்ள வெள்ளயா, எங்கயோ இவ பேரு ஓடிப் போச்சு, படிக்கல.

லைட்டப் போட்டாங்க. எல்லாரும் கண்ணச் சுருக்குனாங்க.

"சொல்லுங்கப்பா" இம்தியாஸ் பின்னாடியிருந்து எந்திரிச்சு வந்தாரு. "லாக் பண்ணிரலாமா? ஏகா?"

"எனக்கு ஓகே."

"மணவாளன்?"

"ரெண்டாவது பாட்டுல என் மூக்கு திரையத் தாண்டி வெளிய வருது. பரவால்ல, பொழச்சுப் போ."

"டில்லிண்ணே?"

"நான் இன்னாத்துக்குப்பா, பாக்க வந்தவன். நல்லாக்கீது."

"சூப்பர். அப்ப லாக்."

"வேணாம்."

யாரு சொன்னதுன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இவளும் பாத்திருப்பா, குரல் அப்பிடி இருந்துச்சு.

"என்னது வேணாம்?" ஏகாம்பரம் சீட்டு மேல கை போட்டுத் திரும்புனாரு.

"ஏழாவது பாட்டுண்ணே. அது நான் வாசிச்சது இல்ல. எனக்கு வேணாம்."

ஏகாம்பரம், சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி, "உன்னக் காப்பாத்தத்தாம்மா பண்ணோம். அந்த சோலோ தெரியாதவன் ஊர்ல இல்ல. நீ என்னமோ புதுசா வாசிச்ச, கிழிச்சுத் தொங்க விட்ருவானுங்க. அன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

"மறக்கல. கிட்டார மாத்தி எடுத்துட்டேன்."

"என்னது?"

"ஆறாவது பாட்டு கிட்டாரே கைல இருந்துச்சு. டேப்ப கிழிச்சுட்டேன்லா, அடையாளம் தெரியல. பாட்டு பூராவும் ரெண்டு ஃபிரெட் தள்ளி வாசிச்சேன். சோலோவ தள்ள முடியல. அதான் கைக்கு வந்தத வாசிச்சேன்."

"டேப்பா?" இம்தியாஸ் மூஞ்சி வெளிறிப் போச்சு. "நான் சொன்னேனே, அந்த டேப்பா?"

மணவாளன் வெடிச்சு சிரிச்சாரு. "அடிப்பாவி! ஒம்பது நிமிசமும் தப்பு கிட்டார்லயா? நான் பின்னாடியே ஒக்காந்திருக்கேன், எனக்குத் தெரியலையே!"

"உனுக்கு இன்னா தெரியும், உன் மூக்குதான் மறைக்கிதே" அப்பிடின்னாரு டில்லி. சிரிக்கல. இவளத் திரும்பிப் பாத்தாரு, மொத தடவையா நேரா. "எனுக்குப் பதினோரு நாளு ஆச்சு அத்த வாசிக்க. இவுனுங்ககிட்ட மூணு நாள்னு சொல்லிகிறேன்."

"தெரியும்ணே. நாலு நாலா கேட்டுச்சு."

சொன்னதுக்கப்புறம்தான் சொல்லிருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுது. டில்லியோட தாடை ஒரு தடவ அசஞ்சுது. "கேட்டுச்சா?"

"எல்லாருக்கும் கேக்காதுண்ணே."

"உனுக்குக் கேட்டுச்சுல்ல." கைப்பிடியிலிருந்து கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. "இம்தியாசு, அவ வாசிச்சது வச்சினுகிறியா, அழிச்சுட்டியா?"

"லேப்டாப்ல இருக்குண்ணே. சத்தத்த அப்பிடியே இந்த ஸ்பீக்கர்ல..."

"போடு."

"டில்லி, விடுப்பா" ஏகாம்பரம் எந்திரிச்சாரு. "இப்ப எதுக்கு அது..."

"போடுன்றேன். என்னுத எடுக்கணும்னா, இன்னாத்துக்கு எடுக்கறீங்கன்னு நான் கேக்கணும்ல?"

இம்தியாஸ் லேப்டாப்புல ஒயர மாட்டுனாரு. இவளுக்கு ஓடிரணும் போல இருந்துச்சு. லைட்ட அணைக்கல, படமும் இல்ல, வெறும் சத்தம். ஏகாண்ணன் பேஸு, டிரம்ஸு, அஞ்சாவது நிமிசம். மொத நோட்டு. அய்யோ. லாரி பிரேக்கு மாதிரி! தப்பு, அப்பட்டமான தப்பு, ஒரு சுரம் கீழ கெடந்து பல்லக் கூசுது. நாலு மாசமா இவ ஞாபகம் இத தொடச்சு மெருகு போட்டு வச்சிருந்திருக்கு, இவ்வளவு அசிங்கமாவா தொட்டோம்? மணவாளன் மூஞ்சியச் சுளிச்சாரு. அந்த நோட்டு அங்கயே நிக்குது, ஓட மாட்டேங்குது, மெதுவா மேல ஏறுது, கம்பிய வளைச்சு வளைச்சு, புண்ணு இருக்குற கால ஊனி எந்திரிக்கிறவன் மாதிரி, ஏறி, ஏறி, சரியான எடத்துல போயி நின்னுச்சு. ரெண்டாவது நோட்டு. ரொம்ப நேரம் கழிச்சு மூணாவது. அப்புறம் அந்த ஊளை. கூட்டத்துச் சத்தத்த யாரும் இதுல இன்னும் எடுக்கல. மேடைக்குப் பக்கத்துல எவனோ ஒருத்தன் மைக்குல மாட்டிருக்கான், கூட்டாளிய அதட்டுறான், "டேய் கத்தாத, இரு, கேளுடா, கேளு." அது எந்தப் பையன், அட்ட புடிச்சவனா, யாரு? நாப்பத்தெட்டு செகண்டு முடிஞ்சு ஏகாண்ணன் குரல் திரும்பி வந்துச்சு. இம்தியாஸ் நிறுத்துனாரு.

இம்தியாஸ் நோட்ட எடுத்துக்கிட்டாரு. "அப்ப... இத என்ன பண்ண? லாக் பண்ணவா, வேணாமா?"

ஏகாம்பரம் டில்லியப் பாத்தாரு, அப்புறம் தரையப் பாத்தாரு. "அதான் வேணாம்னுட்டாள்ல" அப்பிடின்னாரு எரிச்சலா. "அப்புறம் என்ன கேள்வி? எடுத்துட்டு இதப் போடு."

டில்லி எந்திரிச்சாரு. இடது கைய பேண்ட்டு பாக்கெட்டுல விட்டுக்கிட்டாரு. கதவு வரைக்கும் போயி நின்னாரு. "அந்த மொத நோட்டு செம அசிங்கம்."

"ஆமாண்ணே." ஃபேபியோலா எந்திரிச்சு நின்னா. "அது ஒண்ண மட்டும் ஸ்டுடியோல மாத்தி வாசிச்சுரட்டுமா?"

"தொட்ட," டில்லி கதவத் தள்ளுனாரு, வெயில் உள்ள வந்து விழுந்துச்சு, "சாவடிச்சுருவேன்."